கேம்பல்டவுன் பையன்களை யாருக்காக வளர்க்கிறீர்கள்?

வெஸ்ட்ஸ் டைகர்ஸ் ரக்பி லீக் கழகத்தின் இயக்குநர் குழுவுக்கும் வீரர் சேர்ப்பு அலுவலகத்துக்கும்,
கான்கார்ட், சிட்னி.



2022, 2023, 2024 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உங்கள் அணி புள்ளிப்பட்டியலின் அடியில் கிடந்தது. இறுதிச்சுற்றில் நீங்கள் கடைசியாக ஆடியது 2011இல். அந்த ஆண்டு சிட்னியில் பள்ளியில் சேர்ந்த குழந்தை பன்னிரண்டாம் வகுப்பையே முடித்து வெளியே வந்துவிட்டது. ஆரஞ்சும் கறுப்பும் உடுத்தி லைக்கார்ட் ஓவல் மேட்டில் உட்காரும் அந்தத் தலைமுறைக்கு, செப்டம்பர் இறுதிச்சுற்றில் தன் அணி ஆடுவது எப்படியிருக்கும் என்றே தெரியாது. 2025இல் கடைசி இடத்தை விட்டு மேலே வந்தீர்கள். அதற்கு நன்றி. அந்த ஏற்றம் நிலைக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் இந்த மடலை எழுதுகிறோம்.

கான்கார்டுக்கு அடுத்தாற்போல இருக்கிற ஹோம்புஷில் தமிழ்க் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக வாழ்கின்றன. இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளில் பலருக்குக் கிரிக்கெட் வீட்டில் கிடைத்த ஆட்டம் என்றால், ரக்பி லீக் பள்ளியில் கிடைத்த ஆட்டம். அணிக்குப் பதின்மூன்று பேர், ஆறு தடுப்புக்குள் பந்தைக் கொண்டுபோக வேண்டும், பிறகு எதிரணியிடம் விட்டுவிட வேண்டும். விதி அவ்வளவு எளிது. ஒரு கழகத்தைக் கட்டுவது அவ்வளவு எளிதல்ல என்பதை உங்கள் வரலாற்றிலிருந்தே தெரிந்துகொண்டோம்.

நாங்கள் சொல்ல வந்தது ஒன்றுதான். வெளியிலிருந்து யாரை வாங்கினாலும், உள்ளூரில் முளைத்த எந்தப் பையனை இவர் ஆளாக்கப் போகிறார் என்ற கேள்விக்கு முதலில் பதில் எழுதி வைத்துவிட்டு வாங்குங்கள். பதில் எழுத முடியாவிட்டால், அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் வேண்டாம்.

ஏன் இப்படிச் சொல்கிறோம் என்றால், நீங்கள் இழந்தவர்களைக் கொண்டே ஒரு நல்ல அணி அமைத்துவிடலாம். ஜேம்ஸ் டெடெஸ்கோ கேம்டன் பக்கத்துப் பையன், உங்கள் சொந்த மண்ணில் வளர்ந்தவர். 2017 முடிந்ததும் ரூஸ்டர்ஸ் அணிக்குப் போனார். 2018, 2019 இரண்டு ஆண்டும் சாம்பியன் பட்டம் வென்றார். நியூ சவுத் வேல்ஸுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தலைவரானார். ஜாஷ் ஆடோ-கார் உங்களிடம் 2016இல் அறிமுகமாகி, மறு ஆண்டே மெல்பர்ன் ஸ்டார்ம் உடையில் பட்டம் வாங்கினார். ரயன் பாப்பன்ஹைசன் உங்கள் இளையோர் அணிகளில் ஆடியவர். முதல் தரத்தில் ஒரு வாய்ப்புகூட உங்களிடம் கிடைக்காமல் மெல்பர்னுக்குப் போனார். 2020 இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கம் அவர் கழுத்தில் விழுந்தது. மிட்செல் மோசஸ் 2017 பருவத்தின் நடுவிலேயே பராமட்டாவுக்கு மாறினார். அவர்களோடு ஒரே காலத்தில் வளர்ந்த லூக் புரூக்ஸ் மட்டும் உங்களிடமே தங்கினார். சுமார் இருநூறு ஆட்டங்கள் ஆடியும் ஓர் இறுதிச்சுற்று ஆட்டத்தைக்கூடப் பார்க்காமல் மேன்லிக்குப் போனார். தங்கியவருக்குக் கிடைத்தது இதுதான் என்றால், அடுத்த பையனின் தாய் தகப்பன் என்ன நினைப்பார்கள்? உங்கள் வயலில் விளைந்ததை அடுத்தவர் களத்தில் போரடித்துக்கொண்டிருக்க, நீங்கள் சந்தையில் நெல் விலை கேட்டு நிற்கிறீர்கள்.

சந்தையில் விலை கேட்பதிலும் தோற்கும் கழகத்துக்குத் தனித் தொல்லை உண்டு. சம்பள உச்சவரம்பு எல்லா அணிக்கும் ஒன்று: முப்பது முதன்மை வீரர்களுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலிய டாலர். அதற்கு மேல் கழகம் நினைத்தபடி கூட்ட முடியாது. வெல்லும் அணிக்கு ஆட ஒரு வீரர் சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வார். பட்டம் கிடைக்கும், மாநில அணித் தேர்வாளர்கள் கண்ணில் படலாம் என்ற நம்பிக்கை அவருக்கு ஈடு. தோற்கும் அணியிடம் அதே வீரர் கூடுதலாகக் கேட்பார். கேட்பது நியாயமும்கூட. அந்தக் கூடுதலை நான்கைந்து பேருக்குக் கொடுத்துவிட்டால், இருபதாவது, இருபத்தைந்தாவது இடத்து வீரர்களுக்குப் பணம் இருக்காது. ஜூன், ஜூலையில் காயங்கள் வரிசைகட்டும்போது அந்த இருபதாவது ஆளை நம்பித்தான் ஒரு பருவமே நிற்கிறது. முன்பு, வேறு அணியில் ஆடிக்கொண்டிருந்தவருக்கு நீங்கள் சம்பளத்தில் பங்கு கொடுத்த காலமும் இருந்தது. உச்சவரம்புக்குள் அப்படிப் போகிற ஒவ்வொரு டாலரும் ஓர் உள்ளூர்ப் பையனின் ஒப்பந்தத்திலிருந்து எடுத்தது.

நீங்கள் வெளியிலிருந்து சேர்த்த ஐசாயா பபாலீ விஷயத்தை நினைத்துப் பாருங்கள். இந்த ஆட்டத்தில் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கும் முன்னாலேயே கையெழுத்தாகிவிடுகிறது. கடைசி ஒப்பந்த ஆண்டு தொடங்குமுன் வரும் நவம்பர் 1 முதல் வீரர் வேறு கழகங்களோடு பேசலாம் என்பது விதி. 2023இல் வந்து சேர்வதாக அவர் கையெழுத்திட்டபோது உங்கள் பயிற்சியாளர் மைக்கேல் மக்வையர். 2022 ஜூனில் அவரை நீக்கினீர்கள். வீரர் பெட்டி படுக்கையோடு வந்தபோது வேறு பயிற்சியாளர், வேறு திட்டம். அந்தப் பருவம் முடிந்ததும் மறுபடி பயிற்சியாளர் மாற்றம். இரண்டே பருவம் ஆடிவிட்டு அவர் பென்ரித்துக்குப் போனதில் அவர்மேல் குற்றம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பயிற்சியாளர் நாற்காலி ஆடிக்கொண்டிருக்கும் வீட்டில் வீரர் சேர்ப்பு என்பது நடக்காத காரியம். 2025 இறுதியில் உங்கள் இயக்குநர் குழுவிலேயே வெடித்த சண்டையை நாங்கள் அச்சத்தோடு பார்த்ததற்கும் இதுவே காரணம். சண்டை மேல்மாடியில் நடந்தாலும், அதன் விலையை முகவரோடு மேசையில் உட்காரும் சேர்ப்பு அதிகாரிதான் கொடுக்க வேண்டியிருக்கும்.

இதே கழகம் ஒருமுறை இதைச் சரியாகச் செய்திருக்கிறது. பால்மெயின் டைகர்ஸ், வெஸ்டர்ன் சபர்ப்ஸ் மேக்பைஸ் இரண்டும் 1908இல் லீக் சிட்னியில் தொடங்கியபோதே இருந்த கழகங்கள். ஒன்றுக்குப் பதினொரு பட்டம், மற்றொன்றுக்கு நான்கு. 1999இல் இணைந்து, 2000இலிருந்து ஒரே அணியாக ஆடின. முதல் ஐந்து ஆண்டுகள் இறுதிச்சுற்றே இல்லை. 2005இல் முதன்முறையாக நுழைந்து, அக்டோபர் 2 அன்று நார்த் குவீன்ஸ்லாந்து கவ்பாய்ஸை 30–16 என்று வென்று பட்டத்தையே எடுத்துவிட்டீர்கள். பெஞ்சி மார்ஷல் ஓடி வந்து தலையைத் திருப்பாமல் பின்புறமாகத் தட்டிவிட்ட பந்தும், அதை வாங்கி பாட் ரிச்சர்ட்ஸ் எதிராளியைத் தள்ளிக்கொண்டு ஓடியதும் இன்றைக்கும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்த அணி எப்படி அமைந்தது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

ரிச்சர்ட்ஸும் ஃபுல்பேக் பிரெட் ஹாட்ஜ்சனும் பராமட்டாவிலிருந்து வந்தவர்கள். தலைவர் ஸ்காட் பிரின்ஸ் பிரிஸ்பேனிலிருந்து வந்தவர், காயங்களால் நெடுங்காலத்தை இழந்தவர். மூவரும் 2004இல் சேர்ந்தார்கள். அப்போது அவர்களில் யாரையும் சந்தையின் உச்சத்தில் இருந்தவர் என்று சொல்லிவிட முடியாது. அவர்களுக்கு நடுவில் இருபது வயது மார்ஷல். ஹூக்கராக ராபி ஃபாரா, லைக்கார்ட் பக்கத்துச் சிறுவர் அணிகளில் வளர்ந்த லெபனான் குடும்பத்துப் பையன். பிரின்ஸ் ஆட்டத்தின் வேகத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டதால் மார்ஷலால் மனம்போல ஆட முடிந்தது. இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரர் பதக்கம் பிரின்ஸுக்குப் போனதில் வியப்பேயில்லை. பயிற்சியாளர் டிம் ஷீன்ஸுக்கும் அன்றைய நிர்வாகத்துக்கும் நிறைந்த கருவூலம் இருந்ததாக யாரும் சொன்னதில்லை. எந்த மூத்தவரை எந்த இளையவருக்குப் பக்கத்தில் நிறுத்துவது என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது.

அந்தக் கணக்கைப் பக்கத்து ஊர்க்காரர்களும் போட்டார்கள். கேன்டர்பரி புல்டாக்ஸ் 2021இல் கடைசி இடம், 2023இல் பதினைந்தாம் இடம். 2024க்கு அவர்கள் சேர்த்தவர்களில் ஸ்டீபன் கிரைட்டன் ஒருவர்தான் பெரிய பெயர். கர்ட் மேன், கானர் டிரேசி, ஜேமன் சால்மன், ஜாஷ் கரன் எல்லாம் மற்ற அணிகளில் இரண்டாம் வரிசையில் இருந்தவர்கள், எங்கே நிறுத்தினாலும் ஆடக்கூடியவர்கள். இத்தனை பேரை எதற்குச் சேர்க்கிறார்கள் என்று அப்போது கேலி பேசியவர்கள் உண்டு. பருவம் முடிந்தபோது புல்டாக்ஸ் ஆறாம் இடம். அதன் பயிற்சியாளர் கேமரன் சிரால்டோவை 2022இல் நீங்களும் அழைத்தீர்கள், அவர் வர மறுத்தார் என்பது உங்களுக்கு வலிக்கும். எங்களுக்கும் வலித்தது.

ஜரோம் லுவாய் வந்ததை நாங்கள் மனமார வரவேற்றோம். பென்ரித்தோடு 2021 முதல் 2024 வரை நான்கு பட்டம் வென்றவர், கடைசி இடத்து அணிக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்தது சின்ன விஷயமல்ல. அவரோடு பென்ரித்திலிருந்து சூனியா டுருவாவும், ரூஸ்டர்ஸிலிருந்து டெரல் மேயும் வந்தார்கள். ஹூக்கர் அபி கொரோய்சாவ் முன்பே இருந்தார். அணியின் முகமே மாறியது. ஒன்பது ஆட்டங்களை வென்றீர்கள். ஆனால் அதே 2025இல்தான் லாக்லன் கால்வினை இழந்தீர்கள். 2024இல் பதினெட்டு வயதில் நீங்களே முதல் தரத்துக்கு ஏற்றிய பையன் அவர். லுவாயின் பக்கத்தில் ஐந்து ஆண்டு ஆடியிருந்தால் 2005இன் கணக்கு மறுபடி பலித்திருக்கும். ஒப்பந்த நீட்டிப்பை அவர் மறுத்தார், அது ஊடகத்துக்கு வந்தது, அடுத்த ஆட்டத்தில் அவரை முதல் அணியிலிருந்து இறக்கினீர்கள், சக வீரர்கள் சமூக வலைத்தளத்தில் பேசினார்கள், பருவம் பாதியாவதற்குள் அவர் புல்டாக்ஸில் இருந்தார். அவருடைய முகவர் தரப்பில் தவறில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பத்தொன்பது வயதுக்காரர் ஒருவரின் ஒப்பந்தப் பேச்சு ஊர்ப் பஞ்சாயத்தாக மாறும்போது, வீட்டிலிருக்கும் அடுத்த பதினேழு வயதுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய பெற்றோரும் பார்க்கிறார்கள்.

அந்தப் பெற்றோர் யார்? உங்கள் இளையோர் வளரும் கேம்பல்டவுன், மெக்கார்தர் பக்கத்தில் அவர்களில் பலர் சமோவா, டோங்கா வழியினர். குடியேறிய வீடுகளில் ஒரு பிள்ளையின் ஒப்பந்தம் ஒரு பிள்ளைக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. தம்பி தங்கையின் படிப்பு, வீட்டுக் கடன், கோயிலுக்குத் தர வேண்டியது எல்லாம் அதற்குள் இருக்கும். இதைப் புரிந்துகொள்ளத் தமிழர்களாகிய எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உங்கள் மேக்பைஸின் மறக்க முடியாத தலைவர் டாமி ரவுடோனிகிஸ், லித்துவேனியத் தகப்பனுக்கும் சுவிஸ் தாய்க்கும் பிறந்து, குடியேறியோர் முகாமில் வளர்ந்தவர். குடியேறியோரின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக எடுத்துக்கொண்ட கழகம் உங்களுடையது. ஃபைனு சகோதரர்கள் மூவரை ஒன்றாகச் சேர்த்தபோது குடும்பத்தின் பொருளை நீங்களும் உணர்ந்திருக்கிறீர்கள் என்றே எண்ணினோம். அதையே விதியாக்குங்கள்.

ஆகவே கேட்கிறோம். வெளியிலிருந்து சேர்ப்பதும் உள்ளே இருப்பவரைத் தக்கவைப்பதும் ஒரே அதிகாரியின் பொறுப்பில், ஒரே கணக்குப் புத்தகத்தில் இருக்கட்டும். இரண்டையும் பிரித்தால் வாங்குபவருக்கு மட்டுமே புகழ் சேரும். ஹரால்ட் மேத்யூஸ், எஸ்.ஜி. பால் இளையோர் போட்டிகளில் ஆடும் பையன்களின் வீட்டுக்குச் சேர்ப்பு அலுவலகத்திலிருந்து ஒருவர், ஒப்பந்தம் முடியப் போகும் ஆண்டில் மட்டுமில்லாமல், ஒவ்வோர் ஆண்டும் போய் உட்கார்ந்து பேசட்டும். பேச்சு எந்த நிலையில் இருந்தாலும் ஒரு பையனைப் பற்றி நிருபரிடம் வாய்திறக்க வேண்டாம். இயக்குநர்களுக்கும் இது பொருந்தும்.

காலம் குறைவு. 2027இல் பெர்த் பேர்ஸ் வருகிறது. 2028இல் பப்புவா நியூகினி சீஃப்ஸ் வருகிறது, வருமான வரியில்லாத சம்பளத்தோடு. அறுபது முதன்மை வீரர்களுக்கான இடங்கள் புதிதாகத் திறக்கின்றன. அவற்றை நிரப்ப வருபவர்கள் முதலில் தேடுவது, தன் கழகத்தின்மேல் மனம் கசந்திருக்கும் இருபது, இருபத்தொரு வயதுக்காரர்களைத்தான். வரும் நவம்பர் 1 அன்று யார் யார் மற்றவர்களோடு பேசத் தகுதி பெறுகிறார்கள் என்ற பட்டியல் உங்கள் மேசையில் இருக்கும். அதில் உள்ளூர்ப் பையன்களின் பெயர்களை முதலில் எடுங்கள். அக்டோபர் முடிவதற்குள் அவர்கள் ஒவ்வொருவருடைய வீட்டுக்கும் இன்று உங்கள் பயிற்சியாளராக இருக்கும் பெஞ்சி மார்ஷலே நேரில் போகட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்