கடுமை வேறு, கொடுமை வேறு

ஜப்பானின் அரிக்கா நிறுவனம் 1998இல் விளையாட்டுக்கூடங்களுக்கென உருவாக்கிய ‘டெட்ரிஸ் தி கிராண்ட் மாஸ்டர்’ கடுமைக்குப் பெயர்போனது. 500ஆம் நிலையிலிருந்து கட்டைகள் விழுவதைக் கண் காண்பதில்லை. தோன்றிய கணமே குவியலின்மேல் அமர்ந்துவிடுகின்றன. ஆயினும் இதில் கொடுமை இல்லை. அடுத்த கட்டை முன்கூட்டியே காட்டப்படுகிறது. கடைசியாக வந்த நான்கு வடிவங்களை நினைவில் வைத்து, அவை உடனே திரும்ப வராதிருக்க விளையாட்டே முயல்கிறது. அமர்ந்த கட்டையை நகர்த்த அரை நொடி அவகாசமும் உண்டு. ஆகவே தோற்றவர் விதியை நொந்துகொள்ள இடம் குறைவு; பிழையைக் கண்டு திருந்தவே இடம் மிகுதி.

பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கும் இதுவே அளவுகோலாக வேண்டும். வினாத்தாள் எவ்வளவு கடினமாகவும் இருக்கட்டும். தேர்ச்சி குருட்டு வாய்ப்பைப் பொறுத்ததாகவும், பிழை எங்கே நேர்ந்தது என மாணவர் அறிய வழியற்றதாகவும் இருந்தால், அதற்குக் கடுமை என்ற பெயர் பொருந்தாது.