நகரசபைப் பள்ளிகளும் மயிலாப்பூர்க் கனவான்களும்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளிலுள்ள மாநகராட்சி ஆரம்பப் பள்ளிகளைப் பற்றி ஒரு பேச்சு ஓயாமல் நடந்து வருகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தடையின்றி வாசிக்க வரவில்லை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு வரவில்லை, இத்தகைய பள்ளிகளுக்கு ஜனங்களின் வரிப்பணம் எதற்கு என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் குழந்தைகளை அப்பள்ளிகளின் வாசற்படிக்கும் அனுப்பாத கனவான்கள். அவர்கள் கூறும் குறை முற்றும் பொய்யென்று நாம் வாதிக்கப் போவதில்லை. ஆனால் தீர்ப்புச் சொல்வதற்கு முன் சாட்சியத்தை முழுவதும் கேட்க வேண்டுமென்பது வக்கீல் தொழிலில் பழகிய நமக்குத் தெரிந்த முதற்பாடம்.

அங்கே படிக்கும் பிள்ளைகள் யார்? நொச்சிக்குப்பத்திலும் ஊரூர்க் குப்பத்திலும் கடலை நம்பி வாழ்பவர்களின் பிள்ளைகள். தியாகராய நகர் ஜவுளிக் கடைகளில் பகல் முழுவதும் நின்றபடி உழைப்பவர்களின் பிள்ளைகள். மேற்படி கனவான்களின் வீடுகளிலேயே பாத்திரம் துலக்கும் பெண்களின் பிள்ளைகள். சமீப வருஷங்களில், கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். கடைசியாகச் சொன்ன குழந்தை வீட்டில் ஹிந்தி பேசிவிட்டு வந்து பள்ளியில் அ, ஆ படிக்கிறது. வீட்டுப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தாய்க்கு நேரமுமில்லை, டியூஷனுக்குப் பணமுமில்லை. இக்குழந்தை வாங்கும் மார்க்கையும், தாய் தகப்பன் இருவரும் பட்டதாரிகளாயுள்ள வீட்டுக் குழந்தை வாங்கும் மார்க்கையும் ஒரே தராசில் வைத்துப் பள்ளிக்கூடத்தின் தரத்தை நிறுப்பது என்ன நியாயம்?

இது நமது கற்பனையன்று. அமெரிக்காவில் லட்சக்கணக்கான மாணவர்களைப் பரிசோதித்து, கோல்மன் என்ற சமூகவியல் அறிஞரின் தலைமையில் 1966-ல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. பள்ளியின் கட்டடத்தையும் செலவையும் விட, பிள்ளையின் குடும்ப நிலையும் உடன் படிப்பவர்களின் நிலையுமே படிப்பைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன என்று அது கண்டது. பரீட்சை முடிவைக் கொண்டே பள்ளிக்கு மானியம் அளக்கும் முறையை இங்கிலாந்து 1862-ல் ஏற்படுத்திப் பார்த்துவிட்டு, அந்நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே கைவிட்டது. உருப்போடுதல் வளர்ந்ததே தவிரக் கல்வி வளரவில்லை என்று பள்ளி இன்ஸ்பெக்டராயிருந்த மாத்யூ ஆர்னால்டே கண்டித்தார்.

இதை உபாத்தியாயர்கள் கேடயமாகப் பிடித்துக்கொள்ளவும் நாம் இடங்கொடோம். ஏழைப் பிள்ளைக்குப் படிப்பு வராது என்ற வாதத்துக்கு இதே அடையாறு நூறு வருஷங்களுக்கு முன்பே பதில் சொல்லியாயிற்று. அக்காலத்தில் பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்களின் குழந்தைகளுக்காகக் கர்னல் ஆல்காட் 1894-ல் இங்கே ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். பின்னர் வேறு பேட்டைகளிலும் அத்தகைய பள்ளிகள் தோன்றின. ஆனால் அவருக்குப் பின் அதே பிரம்மஞான சபைக்குத் தலைமை வகித்த அன்னி பெஸன்ட் அம்மையார், சுத்தத்தையும் பழக்க வழக்கங்களையும் காரணங்காட்டி, அக்குழந்தைகளை மேல்வகுப்புப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்ப்பதை ஆட்சேபித்து 1909-ல் எழுதினார். இன்று அவ்வாறு எழுத எவரும் துணியார். எழுதாமலே காரியம் நடக்கிறது. கட்டணப் பள்ளியின் ரசீதுப் புத்தகம் அந்த வேலையைச் சத்தமின்றிச் செய்துவிடுகிறது.

சட்டமும் தெரியாமலே இதற்குத் துணைபோகிறது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி ஆரம்பப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரையில் இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் போதும். வகுப்புகளோ ஐந்து. ஆகவே பிள்ளைகள் குறைந்த பள்ளியில் ஓர் ஆசிரியர் ஒரே வேளையில் இரண்டு மூன்று வகுப்புகளைக் கட்டி மேய்க்க வேண்டியிருக்கிறது. படிப்புக் குன்றுகிறது, அதைப் பார்த்து இன்னும் சில பெற்றோர் விலகுகிறார்கள், பிள்ளைகள் மேலும் குறைகிறார்கள். அதே சட்டம் தனியார் பள்ளிகளின் ஆரம்ப வகுப்பில் 25 சதவிகித இடங்களை நலிந்தோருக்கு ஒதுக்கி, அதற்கான கட்டணத்தைச் சர்க்காரே செலுத்தச் சொல்கிறது. மனுப்போடும் விவரமறிந்த பெற்றோர் அவ்வழியே போய்விட, மற்றவர்களின் பிள்ளைகளே மாநகராட்சிப் பள்ளியில் மிஞ்சுகிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. குடிசைகளை அகற்றிச் சேரிவாசிகளைக் கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் அனுப்புவது 2000-ம் வருஷம் முதல் நடந்து வருகிறது. பிள்ளை மட்டுமா போகிறது? பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பாதிப் பெயர்களும் போகின்றன. 2022 ஏப்ரல் கடைசியில், உச்சநீதிமன்ற உத்தரவின் பேரில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்கத் தொடங்கியபோது பொதுத் தேர்வுகள் வாசலில் நின்றன. நீர்வழியைக் காக்க வேண்டுமென்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. அதைப் பரீட்சை முடிந்தபின் காத்திருந்தால் ஆற்றில் வெள்ளமா வந்துவிடும்?

பசியைப் பொறுத்தவரையில் சென்னைக்குப் பெருமை கொள்ள இடமுண்டு. 1920-ல், தியாகராயச் செட்டியார் நகரசபைத் தலைவராயிருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தார்கள். 2022-ல் காலைச் சிற்றுண்டித் திட்டம் வந்தது. மறு வருஷமே ராஜ்யத்தின் எல்லாச் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கும் பரவிற்று. வயிற்றுக்குச் செய்ததில் பாதியளவு முயற்சியையாவது வாசிப்புக்குச் செய்யக்கூடாதா?

சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் தங்கள் பிள்ளைகளைச் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளில் சேர்க்க வகை செய்ய வேண்டுமென்று அலகாபாத் ஹைகோர்ட் 2015 ஆகஸ்டில் உத்தரவிட்டது. கட்டாயத்தால் அது நடக்குமென்று நாம் நம்பவில்லை. மாநகராட்சி உடனே செய்யக்கூடியவை வேறு. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற நியதியைப் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பாராமல் ஏற்க வேண்டும். தமிழ் அறியாத பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் தனியே மொழி கற்பிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஜூனில் எந்த நிலையில் வந்தது, ஏப்ரலில் எந்த நிலையில் போகிறது என்பதைப் பள்ளிவாரியாக, பெயர்களின்றி, வருஷந்தோறும் வெளியிட வேண்டும். குடியிருப்புகளை அகற்றும் இலாகா, பள்ளி ஆண்டு முடியும் வரையில் கடப்பாறையைக் கீழே வைக்க வேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இவற்றுக்கு எவ்வளவு ஒதுக்கப் போகிறார்கள் என்பதை மேயர் நகரசபையில் சொல்லட்டும்.