செயலி இலையைக் கிள்ளாது

தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் ஒரு பண்ணை. அலுவலக வேலையாக ஜோகன்னஸ்பர்க் போயிருந்த நாங்கள் நான்கு பேர் ஒரு வார இறுதிக்கு அங்கே தங்கியிருந்தோம். சாயங்காலம் வெளியில் தீ மூட்டிக் கறி சுடுவது என்று முடிவாயிற்று. விறகு பொறுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கறுப்பாக, சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்த பட்டையோடு ஒரு காய்ந்த கிளை கிடந்தது. இழுத்து வந்தேன். நண்பர் ஒருவர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துச் செயலியிடம் காட்டினார். அது ஏதோ ஒரு மரத்தின் பெயரைச் சொல்லி, பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளியும் வைத்தது. “ஓகே, போடு” என்றார்.

பண்ணையில் வேலை பார்க்கும் பெரியவர் அதற்குள் வந்துவிட்டார். “எங்கே எடுத்தாய்?” என்றார். கூட்டிப்போய்க் காட்டினேன். அந்த மரத்தில் பச்சையாக இருந்த இலை ஒன்றைக் கிள்ளினார். வெள்ளையாகப் பால் வந்தது. “கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்” என்று சொல்லி, இலை காம்போடு சேரும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஊசி முனை அளவில் இரண்டு சுரப்பிகள். டம்போட்டி மரம். நம் கள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஒரே குடும்பத்துப் பங்காளி. அந்த விறகுப் புகையில் சுட்ட கறியைத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும்தான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எரிச்சல் வரும்: “மரம் பேரு தெரியணுமா? அதான் ஆப் இருக்கே!”

நான் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். தொழில்நுட்பத்தைத் திட்டிப் புனிதனாகும் ஆசை எனக்குக் கிடையாது. செயலி தப்பாகச் சொன்னது என்பதும் என் புகார் இல்லை. பெரியவரும் ஒருநாள் தப்பாகச் சொல்லக்கூடும். ஆனால் அவரிடம் “ஏன்?” என்று கேட்கலாம். பால், சுரப்பி, பட்டை என்று வரிசையாகக் காட்டுவார். செயலியிடம் கேட்டால் அதே பச்சைப் புள்ளிதான் பதில்.

1778இல் பிரெஞ்சுக்காரர் லாமார்க் தன் நாட்டுத் தாவரங்களைப் பற்றிய நூலில் ஒரு முறையைக் கையாண்டார். ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி, இரண்டு விடைகள். விடைக்கேற்ப அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். நம் ஆட்கள் தினமும் எழுதும் இஃப்-எல்ஸ்தான், வேறொன்றும் இல்லை. ஆப்பிரிக்க மரங்களுக்கான நல்ல கையேடுகள் இன்றும் இந்த வழியில்தான் போகின்றன. பிராம் வான் வைக், பீட் வான் வைக் இருவரும் 1997இல் வெளியிட்ட தென்னாப்பிரிக்க மரக் கையேடு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களை இலையையும் தண்டையும் வைத்தே 43 குழுக்களாகப் பிரிக்கிறது. ஏன் பூவை வைத்துப் பிரிக்கவில்லை? பூ வருஷத்தில் சில வாரம்தான். இலை பல மாதம் இருக்கும், கைக்கும் எட்டும். இந்த முறையில் தப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் எந்தக் கேள்வியில் சறுக்கினோம் என்று திரும்பிப் போய்ப் பார்க்கலாம். டீபக் செய்ய முடிகிற அறிவு என்று இதைத்தான் சொல்வேன்.

முதல் கேள்வியே நம்மைக் கவிழ்க்கும்: எது இலை? மோப்பேன் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டாம்பூச்சி சிறகு விரித்த மாதிரி இரண்டு பச்சைத் தகடுகள். பார்த்ததும் இரண்டு இலை என்போம். காம்பு கிளையோடு சேரும் மூலையில் மொட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இலை இருந்தால் அதன் மூலையில் மொட்டு இருக்கும், சிற்றிலைக்கு அது கிடையாது. மோப்பேனில் இரண்டு தகட்டுக்கும் சேர்த்து ஒரே மொட்டு. ஆகவே அது இரண்டு சிற்றிலை கொண்ட ஒரே கூட்டிலை. நம் மந்தாரை இலையும் இரட்டையாகத்தான் தெரியும், ஆனால் அது நடுவில் பிளந்த தனி இலை. மோப்பேனைக் கசக்கினால் டர்பன்டைன் வாசனை அடிக்கும். உச்சி வெயிலில் சிற்றிலைகள் மடிந்து சூரியனுக்கு விளிம்பைக் காட்டி நிற்கும். நிழல் என்று நம்பிப் போய் நின்றவன் ஏமாந்தான். மொட்டு, வாசனை, மடிப்பு. இந்த மூன்றில் எதுவும் தூரத்திலிருந்து எடுத்த ஒரு படத்தில் வராது.

இனி பெயர் விவகாரம். ஆப்பிரிக்கா என்றதும் நம் மனதில் வருவது ஒரே ஒரு மரம். ஆரஞ்சுச் சூரியனுக்கு முன்னால் குடை விரித்த கறுப்பு உருவம். பல ஆப்பிரிக்க நாவல்களின் அட்டையிலும் அதே படம்தான். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் அக்கேசியா. கென்ய எழுத்தாளர் பின்யவாங்கா வைனைனா, ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதுவது எப்படி என்ற நையாண்டிக் கட்டுரையை கிராண்டா இதழில் வெளியிட்டது 2005இல். இந்தத் தேய்ந்த படங்களைத்தான் அவர் கிழித்தார். அதே வருஷம் வியன்னாவில் கூடிய உலகத் தாவரவியல் மாநாடு அக்கேசியா என்ற பெயரையே ஆப்பிரிக்க மரங்களிடமிருந்து பறித்து ஆஸ்திரேலிய இனங்களுக்குக் கொடுத்தது. அங்கே இனங்கள் ஆயிரத்தை ஒட்டி இருக்கின்றன, அத்தனையையும் பெயர் மாற்றுவது கஷ்டம் என்பது வாதம். வாக்களித்தவர்களில் சுமார் 55 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். தடுக்க 60 சதவீதம் வேண்டும் என்பது விதி. பெரும்பான்மை எதிர்த்தும் தீர்மானம் நின்றது. அதுவரை அந்தப் பேரினத்துக்கே அடையாள மரமாக இருந்தது எது தெரியுமா? ஆப்பிரிக்காவிலும் நம் கண்மாய்க் கரையிலும் வளரும் அதே கருவேலம்.

ஆப்பிரிக்க மரங்கள் வாச்செலியா, செனகாலியா என்று முக்கியமாய் இரண்டு வீடாகப் பிரிந்தன. பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவன் கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை. இலையைப் படித்தவனுக்கு நஷ்டமே இல்லை. இருமுறை பிரிந்த பொடிச் சிற்றிலைகள் அப்படியே இருக்கின்றன. இலைக்காம்படியில் நேரான முள் ஜோடி என்றால் வாச்செலியா. கொக்கி முள் என்றால் பெரும்பாலும் செனகாலியா. குடை மரமோ நேர்முள், கொக்கி இரண்டையும் வைத்துக்கொண்டு குழப்பும். அது வாச்செலியாதான். பெயரைத் தட்டிச்சென்ற ஆஸ்திரேலிய மரங்களில் பலவற்றுக்கு இலையே கிடையாது. தட்டையாகிப்போன காம்புதான் இலை வேஷம் போடுகிறது. என் கல்லூரி வளாகத்தில் நின்ற கத்திச்சவுக்கு அந்த ரகம். நான்கு வருஷம் அதன் கீழே உட்கார்ந்திருந்தேன், ஒரு நாளும் தெரியாது.

இலை எல்லாவற்றையும் சொல்லிவிடுமா? சொல்லாது. பாவோபாப் வருஷத்தில் பல மாதம் மொட்டையாக நிற்கும். வளர்ந்த மரத்தில் விரல் விரித்த கூட்டிலை, கன்றில் வெறும் தனி இலை. கன்றைப் பார்த்து யாரும் அதுவென்று சொல்லமாட்டார்கள். ஃபைதர்பியா என்ற மரம் மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு வறண்ட காலத்தில் பசுமையாக நிற்கிறது. காங்கோ காட்டில் இலை அண்ணாந்தாலும் தெரியாத உயரத்தில் இருக்கும், கீழே உதிர்ந்ததைப் பொறுக்கித்தான் பார்க்க வேண்டும். ஆனால் இலையைக் கேட்டுப் பழகியவனுக்குத் தனக்கு எது தெரியவில்லை என்பது தெரியும். செயலிக்கு அந்த அடக்கம் போதாது. ஏதாவது ஒரு பெயரை நீட்டிவிடும். அதுவும் யார் அதிகம் படம் எடுத்துப் போடுகிறார்களோ அந்த ஊர் மரத்தைத்தான் அது நன்றாக அறியும். ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி அந்தப் பட்டியலில் பின்வரிசை.

செயலியை அழித்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. என் கைப்பேசியிலும் இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: கடைசியாகத் திறங்கள். முதலில் மொட்டைத் தேடுங்கள். இலைகள் எதிரெதிரா, மாறி மாறியா? விளிம்பில் பல் உண்டா? பால் வருகிறதா? கசக்கினால் என்ன வாசனை?

டம்போட்டிக்குப் பக்கத்திலேயே இன்னொரு மரத்தையும் அந்தப் பெரியவர் காட்டினார். அடியிலிருந்து மூன்று நரம்பு, ஒருபக்கம் கோணிய இலை, ஒரு நேர்முள், ஒரு கொக்கி முள். பெயரைக் கேட்கும் முன்பே, “இது எங்க ஊர் இலந்தைக்குச் சொந்தம்” என்று சொல்லிவிட்டேன். சரிதான், சிசிபஸ் பேரினம். அவருக்கு இலந்தை தெரியாது. இலையைக் கையில் வாங்கி, முள்ளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.