கூப்பிடு தூரம்

கோலாலம்பூரை அடுத்த செலாயாங்கின் வரிசை வீடுகளுக்கு நடுவே அந்தி வேளையில் நடந்து போனால், பல வீடுகளின் மாடிச் சுவரில் சின்னப் பெட்டி ஒன்று பதிந்திருப்பது தெரியும். மாட்டியபோது வெள்ளையாக இருந்திருக்கும். வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு இப்போது பழுத்த ஓலையின் நிறத்துக்கு வந்துவிட்டது. கதவைத் திருடன் தொட்டால் அது அலறும் என்ற நம்பிக்கையில் அந்த வீடுகள் விளக்கணைத்து உறங்குகின்றன. அண்மையில் என் பெரியம்மா வீட்டில், அந்த நம்பிக்கையின் உட்புறத்தைப் பார்க்கும்படி நேர்ந்தது. மாடிப்படிக்கு அடியில், அரிசி மூட்டைக்கும் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கும் பின்னால், சுவரோடு ஒட்டிய இரும்புப் பெட்டியைப் பழுதுபார்க்க வந்த பையன் திறந்தான். உள்ளே பன்னிரண்டு வோல்ட் பேட்டரி வயிறு உப்பிக் கிடந்தது. அதன் மேல் யாரோ கறுப்பு மையால் எழுதிவைத்த வருடம் 2014. கதவோரத்து எண் பலகையில் கோளாறைச் சொல்லும் மஞ்சள் விளக்கு நெடுநாளாய் மினுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ராத்திரியில் கண்ணை உறுத்துகிறதென்று பெரியம்மா அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டி மூடியிருந்தார்.

“அம்மா, இது வெளிய யாரையும் கூப்பிட்டு ரொம்ப வருசம் ஆயிருக்கும்மா,” என்றான் பையன்.

“என்ன தம்பி சொல்ற? போன மாசம்கூட அடிச்சுச்சே, தெருவே கேட்டுச்சு.”

“சைரன் அடிக்கும்மா. ஆனா போன் போகாது. பழைய லைன வெட்டிட்டாங்க. அது இந்தப் பெட்டிக்குத் தெரியாது.”

ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர்கள் பழைய செம்புக் கம்பியை அகற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கம்பி வழியாகத்தான் அலாரம் ஆபத்தை வெளியே சொல்லிக்கொண்டிருந்தது என்பதை வந்தவர்கள் கேட்கவில்லை, வீட்டாருக்கும் நினைவில்லை. தனியாக இருக்கும் எழுபது வயதுப் பெண்மணி, யாரோ எங்கோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பில் இத்தனை வருடம் தூங்கியிருக்கிறார். அந்த இரவுகளை எண்ணினால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

தூரத்தை அளக்க மனிதக் குரலையே கோலாகக் கொண்ட மொழி நம்முடையது. கூப்பிடு தூரம் என்று சொன்னால், கத்தினால் ஓடிவர ஆள் இருக்கும் எல்லை என்று பொருள். காவல் என்பதன் வரலாறு முழுவதும் அந்த எல்லையை எப்படி நீட்டுவது என்ற கவலையாகவே ஓடி வந்திருக்கிறது. மதுரைக்காஞ்சி காட்டும் மதுரையில், நள்ளிரவிலும் கண் துஞ்சாமல் தெருத்தெருவாய்ச் சுற்றிவரும் ஊர்க்காவலர் இருக்கிறார்கள். கள்வரின் போக்கறிந்து வில்லும் அம்புமாய்த் திரிபவர்கள் அவர்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்றொரு வரி வருகிறது. ஊரைக் காப்பதற்கு ஊரார் கொடுத்தது அது. இன்று மாதாமாதம் கண்காணிப்பு நிலையத்துக்கு நாம் கட்டும் சந்தாவுக்கு ஆயிரம் வருடத்து மூதாதை.

அதன் பிற்கால வடிவம் திருநெல்வேலிச் சீமையிலும் மதுரைச் சீமையிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இருந்தது. ஊரளவில் தல காவல், வட்டார அளவில் பாளையக்காரர் பொறுப்பிலிருந்த திசை காவல். விளைச்சலில் ஒரு பங்கு காவல்காரருக்கு. அதற்கு ஈடாக அவர் ஏற்றுக்கொண்ட கடமை, ரோந்து சுற்றுவதோடு முடிந்துவிடவில்லை. ஊரில் மாடு காணாமல் போனால் அதைக் கண்டுபிடித்துக் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் அதன் மதிப்பை அவரே ஈடுகட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டில் இருளும் இருந்தது. களவு போனதை மீட்டுத் தரத் துப்புக்கூலி என்று வாங்கப்பட்டது. காவல் கூலி கொடுக்காத வீட்டில் களவு போவதும், போன பொருள் துப்புக்கூலிக்குத் திரும்பி வருவதும் நடந்தன. 1801-க்குப் பிறகு கும்பெனி ஆட்சி பாளையக்காரரின் காவலைத் தன் கைக்கு எடுத்தது. 1816-இல் கிராமப் போலீஸ் விதிகள் வந்தன. ஆனாலும் ஊர்களில் பழைய காவல் எளிதில் சாகவில்லை. 1896-இல் மதுரை மாவட்டத்தில் குடியானவர்கள் பண்டு என்ற பொது நிதி திரட்டி அதற்கு எதிராகவே எழுந்தார்கள். பிறகு, 1911-இல் விரிவாக்கப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் அந்தக் காவல் குடிகளையே பிறவிக் குற்றவாளிகளாக்கிக் கைரேகை வைக்கச் சொன்னது. இது நம் வரலாற்றின் ஆறாத புண்களில் ஒன்று. அந்த முறை திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்குள் இருந்த ஒரு கருத்தை இழந்ததில் எனக்கு வருத்தமுண்டு: காக்கக் கூலி வாங்கியவன், களவு போனால் பதில் சொல்ல வேண்டும். இன்றைய அலாரம் ஒப்பந்தங்களின் பின்பக்கத்துச் சிற்றெழுத்தைப் படித்துப் பாருங்கள். இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற வாசகம் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

தமிழகத்து ஊர்களை விட்டுக் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்த நம் மூத்தோருக்குக் காக்க அதிகம் எதுவும் இல்லை. லயத்து வீடுகளுக்குப் பலகைத் தடுப்புதான் சுவர். ஒரு வீட்டில் குழந்தை இருமினால் நாலாவது வீட்டுக்குக் கேட்கும். அந்த நெருக்கத்தின் துன்பத்தைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் அறிவார்கள். கூப்பிட்ட குரலுக்குக் கதவுகள் திறந்ததையும் அவர்களே அறிவார்கள். பட்டணத்தில் வேறு வழக்கம். வங்கி வாசலிலும் கடைவீதித் திண்ணையிலும் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்த சீக்கியக் காவலாளியை எல்லா இனத்தாரும் ‘ஜாகா’ என்ற மலாய்ச் சொல்லாலேயே அழைத்தார்கள். தலைப்பாகைக்காரர் அங்கே படுத்திருக்கிறார் என்று தெருவுக்குத் தெரிந்திருந்ததே பெரும் காவலாக இருந்தது.

பிறகு முள்கம்பி வந்தது. 1948-இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் பிறந்தது, 1950-இல் மக்களைக் கிளர்ச்சியாளரிடமிருந்து பிரிக்கும் பிரிக்ஸ் திட்டம். ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டார்கள். செலாயாங்குக்குத் தெற்கே உள்ள ஜிஞ்சாங் அப்படி உருவானதுதான். தோட்டத் தொழிலாளரின் லயங்களும் பல இடங்களில் கம்பி வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. பாதுகாப்புக்காக என்று போட்ட வேலி, உள்ளே இருப்பவரையும் எண்ணியது, சோதித்தது, இரவில் அடைத்தது. எழுபது வருடம் கழித்து, 2020 ஏப்ரலில், பெருந்தொற்றின்போது செலாயாங் மொத்தவிலைச் சந்தையைச் சுற்றியும் செலாயாங் பாருவிலும் மீண்டும் முள்கம்பி உருண்டது. காரணம் வேறு, காலம் வேறு. ஆனால் சாலையின் குறுக்கே மழையில் மின்னிய அந்தக் கம்பிச் சுருளைக் கண்ட முதியவர்கள் சிலருக்கு, கம்பிக்கு அப்பால் பால்வெட்டப் போன விடியற்காலைகள் நினைவுக்கு வந்திருக்கும்.

1975-இல் வந்த ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் காவலும் இந்த வரிசையில் உண்டு. மலாய்க்காரர், சீனர், இந்தியர் சேர்ந்து டார்ச் விளக்கோடு தாமான் குடியிருப்பைச் சுற்றிய இரவுகளைப் பற்றி அப்பா தலைமுறையினர் இன்னும் ஆசையாகப் பேசுகிறார்கள். பின்னர் வசதியுள்ள தாமான்களில் தடுப்புக் கட்டையும் காவல் கூண்டும் வந்தன. கூண்டுக்குள் பல இடங்களில் நேப்பாளத்திலிருந்து வந்த இளைஞர் உட்கார்ந்திருந்தார். அந்தச் செலவுக்கு வழியில்லாத தெருக்களில் வீட்டுக்கு வீடு பெட்டி மாட்டிக்கொண்டார்கள்.

பெட்டியின் கதையும் நாம் நினைப்பதைவிடப் பழையது. 1853-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் மின்காந்தத்தால் இயங்கும் திருட்டு மணிக்குக் காப்புரிமை பெற்றார். அதை வாங்கித் தொழிலாக்கியவர் எட்வின் ஹோம்ஸ். அவருடைய நிறுவனம் பாஸ்டன் நகரில் வங்கிகளையும் கடைகளையும் அலாரக் கம்பிகளால் இணைத்திருந்தது. தொலைபேசி பிறந்த மறுவருடம், 1877-இல், உலகின் தொடக்ககாலத் தொலைபேசி இணைப்பகங்களில் ஒன்று அந்தக் கம்பிகளின் மேலேயே இயங்கியது. பகலில் அவற்றில் பேச்சு ஓடியது, இரவானால் அவை திருட்டு மணிக்குத் திரும்பின. தொலைபேசியின் முதுகில் அலாரம் ஏறியது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அலாரத்தின் தோளில் ஏறித்தான் தொலைபேசி நடக்கப் பழகியது.

நம் நாட்டில் தந்தி, தொலைபேசி, ரயில் இலாகாக்களில் யாழ்ப்பாணத்துத் தமிழர் எழுத்தர்களாகவும் அலுவலர்களாகவும் இருந்தார்கள், தமிழகத்திலிருந்து வந்தவர்கள் குழி வெட்டிக் கம்பம் நட்டார்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸின் பழைய குடும்பங்களைக் கேட்டால் அந்தத் தலைமுறையின் பெயர்களை இன்னும் சொல்வார்கள். அவர்கள் கைபட்டு நீண்ட செம்புக் கம்பிக்கு ஒரு சிறப்பு இருந்தது. அதற்கு வேண்டிய மின்சாரம் இணைப்பகத்தின் நாற்பத்தெட்டு வோல்ட் பேட்டரிகளிலிருந்து கம்பி வழியாகவே வந்தது. தாமான் முழுதும் இருட்டில் மூழ்கினாலும் தொலைபேசியில் ஒலி இருக்கும், அலாரமும் கூப்பிடும். ஃபைபரில் ஒளி மட்டுமே வருகிறது. வீட்டில் மின்சாரம் போனால் மோடம் அணையும், அதோடு அலாரத்தின் வாயும் அடைபடும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்சாரமும் அலைவரிசையும் இழந்து கூரைமேல் காத்திருந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. செம்புக்கும் பலவீனம் இருந்தது, உண்மைதான். கம்பித் திருடர்கள் அதை வெட்டி எடை போட்டு விற்றார்கள்; வீட்டைக் காத்த கம்பியைக் காக்க யாரும் இருக்கவில்லை.

கம்பியில்லாத வழியும் நிலையாக நிற்கவில்லை. 1985-இல் ATUR 450 என்ற பெயரில் கைப்பேசிச் சேவை இங்கே தொடங்கியது. 1995 வாக்கில் ஜிஎஸ்எம் வந்தது. அலாரப் பெட்டிக்குள்ளும் ஒரு சிம் கார்டு நுழைந்தது. பின்னர் 3ஜி, அதன்பின் 4ஜி. 2021 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நாட்டில் 3ஜி நிறுத்தப்பட்டது. அதை மட்டுமே நம்பியிருந்த பெட்டிகள் ஊமையாயின. வீட்டுக் கடனை முப்பது வருடத்துக்குக் கட்டுகிறோம், அந்த வீட்டைக் காக்கும் அலைவரிசை அதற்குள் இரண்டு மூன்று தடவை மாறிவிடுகிறது. ப்ரீபெய்டு சிம்மை வைத்தவர்களுக்கு இன்னொரு இடரும் உண்டு. காசு ஏற்ற மறந்தால் எண் காலாவதியாகும். பெட்டி ஓசையில்லாமல் அநாதையாகும்.

இணையத்தோடு இணைத்ததும் கூப்பிடு தூரத்துக்கு எல்லையே இல்லாமல் போயிற்று. செலாயாங்கில் கதவு அசைந்தால் மெல்பர்னில் மகனுடைய போன் அதிர்கிறது. அவன் படத்தைப் பார்க்கிறான், பதறுகிறான். ஆனால் அவனால் ஓடி வர முடியாது. மேலும், நாம் வெளியே பார்க்கத் திறந்த ஜன்னல் வழியாகப் பிறரும் உள்ளே பார்க்கலாம். 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கண்காணிப்புக் கேமராக்களையும் ரௌட்டர்களையும் பல்லாயிரக்கணக்கில் பிடித்துத் தன் படையாக்கியது. அந்தப் படையைக் கொண்டு அவ்வருடம் அக்டோபரில் பெரிய இணையதளங்கள் பல மணி நேரம் முடக்கப்பட்டன. காவலாளி களவுக்குத் துணைபோவது காவல் கூலிக் காலத்துப் பழைய அச்சம். கேமராவின் வடிவில் அது நம் கூடத்துக்கு மீண்டும் வந்திருக்கிறது. இதற்காக இணைய அலாரமே வேண்டாம் என்பது என் கட்சியல்ல. தனியாக இருக்கும் முதியவருக்கு அது பெரிய துணை. அதைக் காவலாளி என்று எண்ணாமல் ஒரு குரல் என்று எண்ண வேண்டும் என்பதே என் எண்ணம். அந்தக் குரலைக் கேட்கும் தூரத்தில் கால்கள் இருக்க வேண்டும்.

பெரியம்மா வீட்டில் புதிய பெட்டி வந்துவிட்டது. ஃபைபர் வழி ஒன்று, 4ஜி சிம் வழி மற்றொன்று என இரண்டு பாதை, புது பேட்டரி, மோடத்துக்கும் தனியாக ஒரு பேட்டரி. முதலில் கூப்பிட வேண்டிய எண்ணைப் பையன் கேட்டபோது, வெளிநாட்டில் இருக்கும் மகனுடைய எண்ணைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய், வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மலாய் மக்சிக்கிடம் எண்ணைக் கேட்டு வாங்கி வந்தார். இருபது வருடப் பழக்கம். தீபாவளிக்கு முறுக்கும் நோன்புப் பெருநாளுக்கு லெமாங் என்ற மூங்கில் சோறும் வேலி தாண்டிப் போய்வருகின்றன. அந்த எண் முதலாவதாகப் பதிந்தது, மகனுடையது மூன்றாவது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தால், இந்த வாரத்துக்குள் ஒரு நாள் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு அதை அடிக்க விட்டுப் பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டும் ஒருமுறை பாருங்கள். எந்த போன் ஒலிக்கிறது, எத்தனை நிமிடத்தில், வாசலில் யார் வந்து நிற்கிறார் என்று கவனியுங்கள். மஞ்சள் விளக்கு மினுக்கினால் அதை மூடிவிடாதீர்கள்.