ஒரே பட்டத்தில் தேறிய கத்தரி

இலை தின்னும் புள்ளி வண்டைத் தாங்கும் கத்தரி ரகங்களைக் கண்டறியும் வயல் சோதனையை, அதை நடத்தியவர்கள் ஒரே பட்டத்தோடு முடித்துக்கொண்டு, 'எதிர்ப்புத் திறன் உள்ளவை' என்று பட்டியலும் போட்டுவிட்டார்கள். அதை நம்பி விதை வாங்கப்போகிறவர்களை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

முதுகில் 28 புள்ளிகள் கொண்ட இந்த வண்டு, இலைக்கு அடியில் மஞ்சள் முட்டைகளைக் கும்பலாக இடும். உடம்பெல்லாம் முள் சிலிர்த்த மஞ்சள் புழுக்கள் பச்சையத்தைச் சுரண்டச் சுரண்ட, இலை நரம்பு மட்டும் மிஞ்சிச் சல்லடையாகக் காய்ந்து தொங்கும். எந்த ரகம் தாங்கும் என்றறிய, இலை இலையாகத் திருப்பி முட்டை, புழு, வண்டு என்று எண்ண வேண்டும். வண்டு குறைவாக வந்த பட்டத்தில் எல்லா ரகமும் தேறிவிடும். பல ரகங்களைப் பக்கத்துப் பக்கத்தில் நட்டால், வண்டு தனக்குப் பிடித்த செடியில் போய் உட்காரும். அடுத்த செடி தப்பிக்கும். தப்பித்த ரகத்தை மட்டும் ஒருவர் அரை ஏக்கரில் நட்டால் என்ன ஆகும்? புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். வண்டு அப்படியல்ல, பிடித்தது கிடைக்காதபோது பிடிக்காததையும் தின்று தீர்க்கும். அதனால்தான் வலைக்கூண்டுக்குள் ஒரே ரகத்தை வைத்து, வண்டை விட்டுப் பார்க்கும் சோதனையும் தேவை. அதைத்தான் செலவைக் காட்டிக் கைவிட்டிருக்கிறார்கள். வலைத்துணிக்கும் இரண்டு ஆள் கூலிக்கும் பணமில்லையா?

காய்ப்புழுவை எதிர்க்க உருவாக்கிய மரபணு மாற்றக் கத்தரியைப் பற்றி நாடே விவாதித்து, 2010 பிப்ரவரியில் அது நிறுத்திவைக்கப்பட்டது. அது வயலுக்கு வந்திருந்தாலும் இந்த வண்டை ஒன்றும் செய்திருக்காது. வண்டைத் தாங்கும் குணத்தை நம் ரகங்களுக்குள்ளேதான் தேடியாக வேண்டும்.

சோதனை நடத்திய இவர்கள் விவசாயியைக் கைவிடுவது இது முதல்முறையல்ல. முன்பு ஊர் ஊராகக் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில், கத்தரி வண்டு என்று அசுவினியைத் தின்னும் பொறிவண்டின் படத்தைப் போட்டார்கள். நன்மை செய்யும் பூச்சியை விவசாயிகள் தேடித் தேடி நசுக்கினார்கள். தவறைச் சுட்டிக்காட்டிய பிறகும் அடுத்த அச்சில் அதே படம். மானியத்தில் தருவதாகச் சொன்ன வேப்பெண்ணெய், கடைசிப் பறிப்பும் முடிந்து செடியைப் பிடுங்கிய பிறகு வந்து சேர்ந்தது. இதற்கெல்லாம் ஒருவராவது பதில் சொன்னதுண்டா? அதே கைகள்தான் இன்று பட்டியலில் கையெழுத்திட்டிருக்கின்றன.

பட்டியலைத் திரும்பப் பெறுங்கள். சோதனை இன்னும் சில பட்டங்கள் தொடர வழி செய்யுங்கள். ஆடிப்பட்டத்துக்கு நாற்று விட, ஆட்கள் இப்போதே விதைக்கடையில் அந்த ரகங்களின் பேரைச் சொல்லிக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.