இலவச ரவுட்டரே போதும்னு சொல்பவர்களுக்கு

ஆடி வெள்ளி அபிஷேக நேரலை பாதியில் நின்றதும் "கோயில் லைன் சரியில்லை"ன்னு எல்லாரும் குறை சொன்னீங்க. லைன் நல்லாத்தான் இருக்கு. இன்டர்நெட் கம்பெனி வருஷக்கணக்குக்கு முன்னே கொடுத்த ரவுட்டர்தான், கூட்டத்தில் இத்தனை கைப்பேசியும் ஏறினா திணறுது.

சொந்தமா ஒண்ணு வாங்கலாம்னா, "இலவசமா இருக்கும்போது கோயில் காசை ஏன் செலவு பண்ணணும்?" என்கிறார்கள். நாங்கள் திருப்பிக் கேட்கிறோம்: அதன் அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வர்ட் எத்தனை பேருக்குத் தெரியும்? உண்டியலைப் பார்க்கும் கேமராவும் உபயக் கணக்குக் கம்ப்யூட்டரும் அதே வைஃபையில்தானே ஓடுது? உண்டியலுக்குப் பூட்டு போட்டுட்டு இதைத் திறந்து வைக்கலாமா?

சொந்த ரவுட்டரில் பக்தர்களுக்கு கெஸ்ட் வைஃபை தனியா வைக்கலாம். மாற்றுவதும் சுலபம். ஃபைபர் வரும் சுவர்ப்பெட்டியைத் தொட வேண்டாம். ரவுட்டரை மட்டும் மாற்றி, கம்பெனியிடம் கேட்டு வாங்கிய யூசர்நேம், பாஸ்வர்டைப் போடணும். இங்கே விற்கும் பல ரவுட்டர்களில் யூனிஃபை, மேக்சிஸ் என்று தேர்ந்தெடுத்தாலே விலேன் எண் தானா வந்துடும். ஆபிஸ் போன் பழைய ரவுட்டரில் மாட்டியிருந்தா, முதலில் கம்பெனியிடம் விசாரிக்கணும். பழையதை வீசக்கூடாது, கம்பெனி திருப்பிக் கேட்கலாம்.

செலவு சில நூறு வெள்ளி. ஒரு நாள் பூமாலைச் செலவுகூட அதைத் தாண்டும். நடக்க முடியாத பாட்டிமார் அந்த நேரலையில்தான் அம்மனைப் பார்க்கிறாங்க. நிர்வாகக் கூட்டத்துக்கு வாங்க, நேரில் கேட்போம்.