சிலேத்தார்காரர்களுக்கு யார் உண்டியல் தூக்குவது?

டிசம்பர் விடுமுறை வந்தால் நம்ம மாணவர்கள் கப்கேக் விற்று, டி-சட்டை விற்று, சியாங்மாய் மலைக்கிராமத்துக்குச் சுவர் வண்ணமடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். போயிட்டு வரட்டும். விமான டிக்கெட் காசில் அந்த ஊர்க்காரருக்கே கூலி கொடுத்து அடிக்கச் சொல்லியிருக்கலாம், அது ஒருபக்கம்.

சிலேத்தார் விமான நிலையம், சிலேத்தார் விரைவுச்சாலை என்று தினமும் சொல்கிறோமே, அது ஒரு மக்களின் பெயர். ஓராங் சிலேத்தார். சிங்கப்பூரின் வடகரையிலும் ஜொகூர் நீரிணையிலும் படகிலேயே வாழ்ந்தவர்கள். இன்று எதிர்க்கரையில், ஜொகூர் பாருவின் கம்போங் பாக்கார் பத்து போன்ற இடங்களில் இருக்கிறார்கள். நண்டும் சிப்பியும் தந்த அலையாத்திக் காட்டைக் கடல் தூர்ப்பும் அடுக்குமாடிகளும் தின்கின்றன. நிலவுரிமை கேட்டு நீதிமன்றப் படியும் ஏறினார்கள். 1954ஆம் ஆண்டின் பூர்வகுடிகள் சட்டமோ அவர்களை நிலத்துக்குச் சொந்தக்காரர்களாக்கவில்லை. அரசு விரும்பும்வரை குடியிருக்கலாம், அவ்வளவுதான்.

இங்கே வண்ணமடிக்கச் சுவர் வேண்டாம். வழக்குச் செலவுக்குக் காசு வேண்டும். ஆனால் வக்கீல் கட்டண ரசீதைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துப் போட முடியுமா? சிரிக்கிற பிள்ளையோடுதான் முடியும். அதனாலோ என்னவோ, அதற்கு ஒரு மாணவர் குழுவும் உண்டியல் தூக்கி நான் பார்த்ததில்லை. இவ்வளவுக்கும் விமானம்கூட வேண்டாம், காஸ்வே பேருந்து போதும்.